மஸ்தபா: பாரோ வீட்டுத் திண்ணை

எகிப்தின் கீசாவில், கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்குக் கிழக்கே தெருத்தெருவாக நிற்கின்றன நீள்சதுரக் கல் கட்டடங்கள். தட்டையான கூரை, மேலே போகப் போக உட்பக்கம் சாயும் சுவர்கள். மன்னரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இவற்றின் அடியில்தான் புதைத்தார்கள். இவ்வகைக் கல்லறைக்கு மஸ்தபா என்று பெயர்.

சொல் பண்டைய எகிப்தியருடையது அன்று, அரபு. வீட்டுச் சுவரை ஒட்டி, உட்காருவதற்காக எழுப்பும் மேடையே அரபியில் மஸ்தபா. நம் திண்ணையேதான்! 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் ஒகுஸ்த் மரியெத் கீசாவுக்குத் தெற்கே உள்ள சக்காராவில் அகழ்ந்தபோது, அவரிடம் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் இந்தக் கட்டடங்களைத் தங்கள் வீட்டுத் திண்ணையின் பெயரால் அழைத்தார்கள். அதுவே நூல்களில் ஏறி நிலைத்தது.

பண்டைய எகிப்தியருக்கோ இது ஒரு வீடு. கல்லறையைக் குறிக்க அவர்களிடம் இருந்த சொற்களில் ஒன்று 'பெர் ஜெட்', அதாவது என்றென்றைக்குமான வீடு. கீழே ஆழ்குழி வழியாக இறங்கும் புதையறை. மேலே படையல் இடும் அறை. அதன் சுவரில் கல்லில் செதுக்கிய பொய்க்கதவு. இறந்தவரின் 'கா' என்னும் உயிர்ச்சத்து அதன் வழியே வந்து படையலை ஏற்கும் என்று நம்பினார்கள்.

இவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது மூன்றாம் மெரெசாங்கின் மஸ்தபா. கூஃபுவின் பேத்தி, காஃப்ரே மன்னரின் மனைவி. 1927இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் குழு இதைக் கண்டறிந்தது. உள்ளே பாறையிலேயே குடைந்த பத்துப் பெண் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவருடைய கல் சவப்பெட்டி முதலில் தாய் இரண்டாம் ஹெடெப்பெரெசுக்காகச் செய்தது. தாய் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டார். பெட்டியில் அதற்கான எழுத்தும் உண்டு. வாசல் கல்வெட்டின்படி, இறந்து ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்தே அடக்கம் நடந்தது.

மஸ்தபாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'சமாதி' யோகநிலையையும் துறவியரின் அடக்கத்தையும் நினைவூட்டும். 'பள்ளிப்படை', அரசகுலத்தவரின் அடக்கத்தின்மேல் எழுப்பும் கோயிலைக் குறிக்கும் அருமையான சொல். மேல்பாடியில் அரிஞ்சய சோழருக்கு முதலாம் இராசராசர் எடுத்தது அப்படிப்பட்டதே. ஆனால் அங்கே வழிபாடு சிவனுக்கு. மஸ்தபாவில் படையல் இறந்தவருக்கே. அதனால் அதுவும் ஒட்டாது.

'திண்ணைக் கல்லறை' என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பழைய மஸ்தபாக்களைச் சுடாத செங்கல்லால் கட்டினார்களே, கல்லறை என்னலாமா என்று கேட்கலாம். செங்கல்லும் கல்தானே, தவிர, கல்லறை என்ற சொல் கட்டுமானப் பொருளைத் தாண்டி வெகுகாலமாயிற்று. இந்தப் பெயரால் இன்னொன்றும் விளங்கும். சக்காராவில் ஜோசர் மன்னருக்காக எழுந்த முதல் பிரமிடு, ஒரு மஸ்தபாவை விரித்து மேலே அடுக்கடுக்காக ஏற்றியதால் பிறந்தது. திண்ணைமேல் திண்ணையாக ஆறு அடுக்கு!

கூஃபு காலத்துக்குப் பின் ஷெப்செஸ்காஃப் மன்னர் பிரமிடு கட்டவில்லை. தெற்குச் சக்காராவில் ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்தில் மஸ்தபா போன்றதொரு கல்லறையை எழுப்பினார். அதற்கு அரபியில் வழங்கும் பெயர் 'மஸ்தபத் அல் ஃபிரௌன்'. தமிழில் சொன்னால், பாரோவின் திண்ணை.