ஈர மணல் ரன்வே அல்ல

போன வாரம் விமானி பயிற்சி வகுப்பில் மறுபடியும் அதே பதில். கடலோர வரைபடத்தை விரித்து, "ஆயிரம் அடியில் இன்ஜின் நின்றுவிட்டது, எங்கே இறக்குவாய்?" என்று கேட்டேன். "பீச்லதான் சார்" என்றான் பையன், யோசிக்கவே இல்லை. எத்தனை பேட்சுக்குத்தான் சொல்வது!

2017 ஆகஸ்ட் 2. லிஸ்பனுக்குத் தெற்கே கோஸ்டா ட காபரிகா கடற்கரை, கோடைக் கூட்டம். இன்ஜின் நின்றுபோன செஸ்னா 152 பயிற்சி விமானம் ஒன்று மணலில் இறங்கியது. கரையில் இருந்த 56 வயதுக்காரர் ஒருவரும் 8 வயதுச் சிறுமியும் இறந்தார்கள். விமானத்தில் இருந்த இருவரும் நடந்து வெளியே வந்தார்கள். 2014இல் ஃப்ளோரிடாவின் வெனிஸ் கடற்கரையில் ஓர் அப்பாவும் 9 வயது மகளும் இப்படித்தான் இறந்துபோனார்கள்.

"சத்தம் கேட்டு விலகியிருக்கலாமே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்ஜின் நின்ற விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு வரும். இன்ஜின் சத்தமே இருக்காது. இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றொலியையும் அலையோசை விழுங்கிவிடும். வேகம் நொடிக்கு முப்பது மீட்டர். முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்த்து யார் விலகுவது? ஆயிரம் அடியிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் ஆள் கண்ணில் படாமலே போகலாம். சக்கரம் புதையாத இறுகிய ஈர மணல்தான் நமக்கு வேண்டும். குழந்தைகள் மணல்வீடு கட்டுவதும் அங்கேதான்.

தண்ணீரில் இறங்கினால் சாவு நிச்சயம் என்ற பயம்தான் எல்லோரையும் மணலுக்குத் தள்ளுகிறது. அது தப்பு. சிறிய விமானத்தைக் கட்டுப்பாட்டோடு, ஆகக் குறைந்த வேகத்தில், கடல் அலைகளின் வரிசைக்கு இணையாகத் தண்ணீரில் இறக்கியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு வெளியே வருகிறார்கள். சக்கரம் தண்ணீரில் மாட்டி விமானம் குப்புறக் கவிழலாம். கவிழ்ந்தாலும் பெல்ட்டைக் கழற்றி வெளியேற வழி இருக்கிறது. கரை பக்கத்திலேயே இருக்கும், உதவிக்கு ஆளும் இருக்கும்.

ஆகவே, கடலோரம் பறக்கிறீர்களா? லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும், உள்ளே ஊதினால் கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள். தண்ணீரைத் தொடும் முன்பே கதவைத் திறந்து வையுங்கள், அப்புறம் அது சிக்கிக்கொள்ளும். முடிந்தவரை உயரத்தில் பறங்கள். உயரம் இருந்தால் ஆளில்லாத வயலாவது கைக்கு எட்டும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒதுங்க வேண்டியது அவர்கள் இல்லையே. தம்பி, தங்கச்சி, கூட்டம் தெரிந்தால் விமானத்தின் மூக்கைக் கடல் பக்கம் திருப்புங்கள். அதைக் கிளம்பும் முன்பே, தரையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.