செடிக்கு முடி கிடையாது, தூவிதான்

‘இந்த மரபணு செடியின் முடி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது.’ போன வாரம் சரிபார்க்கத் தந்த ஒரு மொழிபெயர்ப்பில் முதல் பக்கத்திலேயே இந்த வரி. இந்த ஆண்டில் நான் இதைப் படிப்பது எத்தனையாவது முறையோ. முடி வளர்ச்சி என்றால் தமிழ் வாசகருக்குத் தலைதான் நினைவுக்கு வரும், இலை வராது.

மூலச்சொல் ட்ரைக்கோம். கிரேக்கத்தில் த்ரிக்ஸ் என்றால் மயிர். அதன் வழிவந்த சொல் இது. இலை, தண்டு, காய், விதை எதிலானாலும் புறத்தோல் செல்லிலிருந்து வெளியே நீளும் இழைக்கும் முள்ளுக்கும் சுரப்பிக்கும் தாவரவியலில் இதுவே பொதுப்பெயர். சொற்பிறப்பு இவ்வளவுதான்.

மூலத்திலேயே மயிர் இருக்கும்போது முடி என்றால் என்ன தப்பு என்பார்கள். மயிர் வசைச்சொல் ஆகிவிட்டது; அதை எழுதக் கூச்சப்பட்டு முடிக்குத் தாவுகிறார்கள். அந்த முடி எங்கிருந்து வந்தது? கூந்தலை முடிந்தாள், முந்தானையில் காசை முடிந்தாள் என்கிறோமே, அந்த வினையிலிருந்து. முடிய வேண்டுமானால் நீளமும் கற்றையும் வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் இலையில் நிற்பதோ ஒற்றைச் செல். இரண்டாகப் பிரியாமல், தன் டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பருத்து, பெரும்பாலும் மூன்று கிளை விட்டு நிற்கிறது. நம் தலையில் இருப்பது செத்த செல்கள் கோத்த இழை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர் இலையில் மயிர்க்கால் தேடுவார்.

சரி, ஊரில் இதற்குச் சொல்லே இல்லையா? வெண்டைக்காய் பறிப்பவர்களைக் கேளுங்கள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஏன் என்றால் ‘சுணை அரிக்கும்’ என்பார்கள். வைக்கோலிலும் சுணை, பூனைக்காலி நெற்றில் தொட்டாலே துடிக்க வைக்கும் சுணை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனாலும் பொதுப்பெயராக இதை வைக்க என்னால் முடியவில்லை. குத்துவதும் அரிப்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. துளசி மணப்பது இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளால். அவையும் ட்ரைக்கோம்தான், அரிப்பதில்லை. பருத்திப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதையின் மேல்தோல் செல் ஒன்று நீண்டதுதான். அதைச் சுணை என்றால் உழவர் ஒப்பமாட்டார், முடி என்றால் நெசவாளர் ஒப்பமாட்டார்.

ஆகவே தூவி. சங்கப் பாட்டில் அன்னத்தின் மெல்லிறகுக்குப் பெயர் தூவி. பள்ளிப் பாடத்தில் வேர்த்தூவி என்று ஏற்கெனவே வேரூன்றிய சொல். இலைத்தூவி, விதைத்தூவி, சுரப்பித்தூவி என்று நீட்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இப்படிப் பிரித்துச் சொல்வது அழகுக்காக அல்ல, மரபணுவே கேட்கிறது. அரபிடாப்சிஸ் இலையில் கிளாப்ரா1, கிளாப்ரா3, டிடிஜி1 ஆகிய மூன்று மரபணுக்களின் புரதங்கள் ஒன்றுகூடி கிளாப்ரா2 என்ற மரபணுவை முடுக்குகின்றன. இது நடக்கும் செல் தூவியாகிறது. அதே கூட்டணி ட்ரிப்டிக்கான், கேப்ரிஸ் என்னும் சிறு புரதங்களையும் உண்டாக்குகிறது. அவை பக்கத்துச் செல்லுக்குள் போய்க் கிளாப்ரா1 இன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கத்துச் செல் தூவியாகாமல் நின்றுவிடுகிறது. தூவிகள் நெருக்கியடிக்காமல் இடைவெளி விட்டு முளைப்பது இதனால்தான். வேரில் கிளாப்ரா1 இன் இடத்தில் வேர்வுல்ஃப் என்ற மரபணு வேலை செய்கிறது. அங்கே கிளாப்ரா2 முடுக்கப்பட்ட செல் தூவி விடாது! அதே மரபணு இலையில் தூவியை வளர்க்கிறது, வேரில் தடுக்கிறது. ‘முடி மரபணு’ என்று மொத்தமாக எழுதினால் இந்த நுட்பம் முழுதும் போய்விடுகிறது.

இதைவிட மோசம், கிளாப்ராவை ‘வழுக்கை மரபணு’ ஆக்கி, ‘இது இலையை வழுக்கையாக்குகிறது’ என்று அடுத்த வரியைத் தாங்களாகவே எழுதிவிடுவது. லத்தீனில் அதற்கு மழமழப்பானது என்று பொருள், உண்மைதான். ஆனால் ஒரு மரபணு கெட்டுப்போனால் செடி எப்படித் தோன்றுகிறதோ அதையே பெயராக வைப்பது மரபியலாளர் வழக்கம். 1991இல் படியெடுத்துப் படித்த கிளாப்ரா1 தூவியை உண்டாக்கும் மரபணு; அது பழுதானால்தான் இலை மழமழவென்று ஆகும். பெயரை மட்டும் பார்த்து எழுதியவர் உண்மையைத் தலைகீழாக்கிவிட்டார். அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு கத்திரி இலையைத் திருப்பிப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கலாம். அடிப்புறம் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகத் தூவிகள். அதைக் கண்ட கை முடி என்று எழுதாது.

அந்த மொழிபெயர்ப்பில் முடி வந்த இடத்தையெல்லாம் தூவி என்று மாற்றி அனுப்பிவிட்டேன். பூனைக்காலி வந்த பத்தியில் மட்டும் சுணை.