பாலக்காட்டைத் தாண்டாத சோலைக்கிளி

கொடைக்கானலில், பாம்பே சோலை என்னும் மலைக்காட்டில் புதருக்கடியில் தத்தித் திரியும் சோலைக்கிளிக்கு வயிறு வெள்ளை, விலா நீலச் சாம்பல். ஊட்டிப் பக்கத்துச் சோலைகளில் இருப்பதற்கு விலா செம்பழுப்பு. பேர்தான் கிளி, இரண்டுமே ஈப்பிடிப்பான் குடும்பத்துச் சின்னப் பறவைகள், தனித்தனி இனங்கள். சிரிப்பதுபோல் கூவும் சிரிப்பான் என்ற பறவையிலும் இதே கதைதான்: நீலகிரியில் ஒன்று, பழனிமலையில் வேறொன்று.

நடுவில் பாலக்காட்டுக் கணவாய். அகலம் ஏறத்தாழ 30, 40 கிலோமீட்டர். செம்மீசைச் சின்னான் என்ற பறவை மலையிலும் இருக்கிறது, அடிவாரத்திலும் இருக்கிறது. அதற்குக் கணவாய் ஒரு பொருட்டே இல்லை. சோலைக்கிளியோ குளிர்ந்த உயரங்களில், ஈரம் காயாத நிழலில், தரையையொட்டிப் பூச்சி பொறுக்கி வாழ்வது. சிறகு இருந்தும் வெயில் காயும் வெட்டவெளியைக் கடக்காது. அதற்கு அந்தச் சமவெளி கடல்தான். இருபுறமும் கலப்பு நின்றுபோனதால், அந்தந்தப் பக்கம் தற்செயலாக வந்த மரபணு மாற்றங்கள் அங்கங்கேயே தங்கி, பல லட்சம் ஆண்டுகளில் இனங்களே பிரிந்துவிட்டன. 2017இல்தான் மரபணு ஆய்வை வைத்து சோலைக்கிளிகளுக்கு ஷோலிகோலா, சிரிப்பான்களுக்கு மான்டெசின்க்லா என்று புதிய பேரினங்களே வகுத்தார்கள்.

இப்படித் தனித்துவிட்ட மலையும் ஒரு தீவுதான். தீவில் இனங்கள் குறைவு என்பதால் போட்டியும் குறைவு. இமயமலையில் ஒரே சரிவைப் பல சிரிப்பான் இனங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. நீலகிரி உச்சிகளில் ஒரே ஒரு சிரிப்பான்தான். பூச்சி, தவிட்டுப்பழம் எதையும் விடுவதில்லை. சோலை ஓரத்திலிருந்து வீட்டுத் தோட்டம்வரை அதன் கூச்சல்தான்.

தீவுகளில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதற்கு மெக்ஆர்தர், வில்சன் என்ற இரு உயிரியலாளர்கள் 1967இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: புதிதாக வந்து சேர்வதும் இருப்பவை அழிவதும் சமன்படும் இடத்தில் எண்ணிக்கை நிற்கும். பெரிய தீவில் அழிவு குறைவு, கரைக்குப் பக்கத்துத் தீவில் வரவு அதிகம். நம் மலைக்கு இதை அப்படியே பொருத்தினால் இடிக்கிறது. சோலைக்கிளியைப் பொறுத்தவரை கரை என்று ஒன்று கிடையாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருப்பதும் இன்னொரு தீவுதான், அங்கிருந்தும் யாரும் வரப்போவதில்லை. செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை.

சரி, மலைக்குள்ளேயாவது போக்குவரத்து உண்டா? தேயிலையும் யூகலிப்டஸும் சீகை (வாட்டில்) மரங்களும் சோலைகளைத் துண்டுதுண்டாக்கி, தீவுக்குள் குட்டித் தீவுகளை உண்டாக்கிவிட்டன. சிரிப்பான் வேலிச்செடி வழியாகச் சமாளித்துக்கொள்ளும். சோலைக்கிளி சோலையை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே ஒரு சின்னத் துண்டில் அது அற்றுப்போனால், பக்கத்துச் சோலையிலிருந்து வந்து நிரப்ப, நடுவில் ஓடைக்கரை மரங்களாவது தொடர்ச்சியாக நிற்க வேண்டும்.