"பழகிடும், டாக்டர்": மார்கழியில் நின்றுபோகும் இன்ஹேலர்கள்

போன செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்குப் பதினோரு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கேட்டேன். மூன்றெழுத்துப் பெயர், அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம்தான். விடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் சாய்ந்து படுத்தான்.

"ஆகஸ்ட்ல ஆஸ்துமாவுக்கு எழுதிக் கொடுத்த இன்ஹேலர் எங்கேம்மா?"

"நல்லாத்தான் இருந்தான் சார். தீபாவளிக்கு அப்புறம் நிறுத்திட்டோம். பழகிட்டா விடவே முடியாதுன்னு எங்க மாமியார் சொன்னாங்க."

இந்த மார்கழியில் மட்டும் இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! ஒருவரிடம் சொல்வதை எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பனிக்காலத்தின் மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சளி, தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓய்வும் வெந்நீரும், காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமாலும் போதும். மருந்துக்கடையில் "மூணு நாள் மாத்திரை" என்று கேட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னால் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்து ஆவி பிடிக்கவே கூடாது. தொடை வெந்துபோய் வருகிற குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு மனசு ஆறாது. முதியவர்களும் சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சரி, இன்ஹேலருக்கு வருகிறேன்.

"பழகிடும்" என்று சொல்பவர்கள் நடந்ததைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மருந்தை எடுத்தால் நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் இழுப்பு திரும்ப வருகிறது, அதனால் உடம்பு மருந்துக்கு அடிமையாகிவிட்டது என்கிறார்கள். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்க்குள் நீண்ட நாள் இருக்கிற வீக்கம். தினமும் எடுக்கிற தடுப்பு இன்ஹேலர் அந்த வீக்கத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் வீக்கம் மெல்ல ஏறுகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. கார்த்திகை முழுக்க ஓடி விளையாடிய பையன் மார்கழியில் ஒரு சளி பிடித்ததும் விழுந்துவிடுகிறான். பிரஷருக்கு மாத்திரை போடுகிற தாத்தாவிடம் "பழகிடும், நிறுத்துங்க" என்று அதே வீட்டில் யாரும் சொல்வதில்லையே!

இன்னொன்று, "இன்ஹேலர் ஸ்ட்ராங், மாத்திரையே கொடுங்க" என்பது. கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் (ஒரு முறை அழுத்துவது) 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் ஒரு மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை நாற்பது பஃபுக்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். "வீட்டுக்கே நெபுலைசர் மிஷின் வாங்கிட்டோம், இன்ஹேலர் வேணாம்" என்பவர்களுக்கும் இதே கணக்குதான். மருந்தைப் புகைபோல ஆக்கித் தருகிற அந்த மிஷினில் ஒரு முறை ஊற்றுகிற 2.5 மில்லிகிராம், 25 பஃபுக்குச் சமம்.

உண்மையில் எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. உடனடி நிவாரணம் தருகிற இன்ஹேலரை (பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்) மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். அது குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. சாதாரணமாக ஒரு சிலிண்டரில் 200 பஃப் இருக்கும். ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் தீர்ந்தாலே பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்த்துவிட்டு "எனக்கு இது போதும் சார்" என்பவர்களை வீட்டுக்கு அனுப்பவே மனசு வருவதில்லை. அந்த மருந்தை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை எடுப்பதை உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019-லேயே கைவிட்டுவிட்டன.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். பவுடர் நிரப்பிய கேப்ஸ்யூலை ஆறு மாதமாகத் தண்ணீரோடு விழுங்கிவந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். கருவி பிரிக்காமல் டப்பாவிலேயே இருந்தது. அதில் போட்டு உறிஞ்ச வேண்டும் என்று யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை. மருத்துவரிடமோ நர்ஸிடமோ "ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்ப்ரே வகை என்றால் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். பவுடர் வகையை வேகமாக இழுக்க வேண்டும். ஸ்ப்ரே வகைக்குக் குழந்தைகளும் முதியவர்களும் கண்டிப்பாக ஸ்பேசர் (இன்ஹேலரை மாட்டி அதன் வழியாக மூச்சு இழுக்கிற பிளாஸ்டிக் குழல்) வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

நம் ஊர்க் குளிர் இருபது டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஆனால் காற்று அசையாத விடியற்காலையில் புகையும் தூசும் மேலே போகாமல் தரையோடு தங்கிவிடுகின்றன. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்தி கொளுத்துவதை இன்றைக்கே நிறுத்துங்கள், கொசுவலை கட்டுங்கள். பரணிலிருந்து எடுத்த கம்பளியைத் துவைத்து வெயிலில் போடாமல் போர்த்தாதீர்கள். மலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் இன்ஹேலரை நிறுத்த வேண்டியதில்லை. குருசாமிகளும் இதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்புறம் போகி. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் இறங்க முடியாமல் விமானங்களைத் திருப்பிவிட்டார்கள். விமானமே தடுமாறிய காற்றைத்தான் நம் பிள்ளைகள் சுவாசித்தார்கள். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்கிறது. நானும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இழுப்பு உள்ளவர்கள் அன்று வெயில் நன்றாக ஏறும்வரை வீட்டுக்குள் இருங்கள். பரண் சுத்தம் செய்யும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

இழுப்பு வந்துவிட்டால் நோயாளியைப் படுக்கவைக்காமல் நிமிர்ந்து உட்காரவையுங்கள். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் நான்கு பஃப், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு பஃபுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் இன்னும் நான்கு கொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். முழு வாக்கியம் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு குழிந்தாலோ பஃப் கொடுத்துக்கொண்டே உடனே அழைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்தப் பையன் நேற்று வந்தான், பாட்டியையும் கூட்டிக்கொண்டு. ஸ்பேசரை அவனே பொருத்தி, இழுத்து, விரல்விட்டுப் பத்து எண்ணிக் காட்டினான். பாட்டி பக்கத்திலிருந்து உதடு அசைத்துக் கூடவே எண்ணினார்.

"பொங்கலுக்கு ஊருக்குப் போறோம் டாக்டர். அங்க காத்து நல்லா இருக்கும். இதையும் எடுத்துட்டுப் போகணுமா?"

"அவன் துணிக்கு முன்னாடி இதை வைங்க பாட்டி" என்றேன்.