ஜீப்பைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை மலையிறங்குங்கள்

கோத்தகிரியில் என் பட்டறைக்கு இரண்டு வகை ஜீப்புகள் வருகின்றன. எஸ்டேட்டிலும் கேரட் தோட்டத்திலும் பல ஆண்டுகளாகப் பட்டை ஸ்பிரிங்கோடு மாடாய் உழைக்கும் பழைய மகிந்திரா மேஜர், எம்எம்540 ஒரு வகை. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் புது மகிந்திரா தார், மாருதி ஜிம்னி இன்னொரு வகை. பழைய ஜீப்காரர் பிரேக் லைனிங் மாற்ற வருவார், கிளட்ச் மாற்ற வருவார். வண்டியை உயர்த்தச் சொல்லி அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. புதுவண்டிக்காரர்தான் சாவியை மேஜையில் வைத்த கையோடு கேட்கிறார்: "அண்ணா, இரண்டு இன்ச் தூக்கிப் பெரிய டயர் போட்டுவிடலாமா?"

போடலாம். ஆனால் அந்த வண்டி எங்கே ஏறப்போகிறது என்று மட்டும் யோசித்து முடிவெடுக்கிறார்கள். எப்படி இறங்கப்போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சஸ்பென்ஷனைத் தூக்கினால் வண்டியின் அடிப்பகுதி முழுவதும் உயர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உயராது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும், தாருக்குப் பின்னால், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்சில் இருக்கிறது. எஞ்சின் வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை அதில் தொங்குகிறது, அதுதான் பாறையில் முதலில் இடிக்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாகப் போட்டாலும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே உள்ள உடல் மட்டும் எழும்பும். மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காமலும் வரப்பைத் தாண்டும்போது வயிறு தட்டாமலும் இருக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆக்சிலை உயர்த்துவது டயர் ஒன்றுதான்.

கணக்கைப் பார்க்கலாம். ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15. அதன் விட்டம் 693 மி.மீ. பலர் கேட்கும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ., அதில் பாதியான 20 மி.மீ. மட்டுமே ஆக்சிலுக்குக் கிடைக்கும் உயரம். கம்பெனியே 210 மி.மீ. இடைவெளி கொடுத்திருக்கிறது. 230 ஆவதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த டயர் கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரியது. ஒவ்வொரு கியரிலும் எஞ்சினின் ஒரு சுற்றுக்கு வண்டி அந்த அளவு கூடுதல் தூரம் ஓடும் என்று இதற்கு அர்த்தம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தாண்டி ஓடும். சமவெளியில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மலையிறக்கத்தில் இரண்டாம் கியர் பிடித்து நிறுத்தும் வலு அதே 6 சதவீதம் குறைகிறது. அதே வேகத்தில் நிறுத்த பிரேக்கும் அந்த அளவு கூடுதலாக அழுத்த வேண்டும். கனமான டயர் என்றால் இன்னும் கூடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி இந்த உயரத்தை இறங்கி முடிக்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்த வெப்பத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது, கருகிய வாடை வருகிறது என்று இழுத்துக்கொண்டு வரும் வண்டிகளில் டிஸ்க்கைக் கழற்றினால் நீலம் பாரித்திருக்கும். பேட் மேல் கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு படிந்திருக்கும். அந்தப் பேடை உரசித் தேய்த்துத் திரும்பப் போடச் சொல்பவர்களும் உண்டு. நான் போட்டுத் தருவதில்லை.

இனி, தூக்குவது. ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத்தை வைத்து உயர்த்தும் ஸ்பேசர் முறை மலிவு, ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் அப்படியே இருப்பதால் அது ஏற்கெனவே பாதி நீண்ட நிலையிலேயே நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது இறங்க இடமில்லாமல் 'டக்' என்று அடிக்கும். ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு மாற்றுவதே முறை.

அதோடு முடிந்துவிடாது. ஜிம்னியின் முன் ஆக்சிலை இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. உடல் உயர்ந்தால் அந்தக் கைகளின் கோணம் மாறி, ஆக்சில் சற்றே சுழல்கிறது. ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்கும் சாய்வான காஸ்டர் கோணம் குறைகிறது. இதன் விளைவு முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தெரியும்: வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது, கையால் திருப்ப வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையம் போய் நேர்ச்சாலையில் வேகம் பிடித்தால் சக்கரம் நடுங்கவும் தொடங்கலாம். இதைச் சரிசெய்ய, அந்தக் கைகளின் மூட்டில் போடும் தனி ரப்பர் புஷ் இருக்கிறது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் குறுக்காகப் பிடிக்கும் பான்ஹார்ட் ராடையும் நீளம் சரிசெய்யக்கூடியதாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். தாரின் முன்பக்கம் தனித்தனிச் சக்கரங்களாக இயங்கும் அமைப்பு. அதில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கிட் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் பாதிப் பேர் யோசித்துச் சொல்வதாகப் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

உயரம் கூடும்போது வண்டி சாயும் வாய்ப்பும் கூடுகிறது. ஜிம்னியின் இடது, வலது சக்கரங்களுக்கிடையே ஏறத்தாழ 1,400 மி.மீ. அகலம்தான். தேயிலைச் சரிவின் ஓரமாக ஒரு பக்கம் தாழ்ந்த பாதையில், கூரையில் கேரியரும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகிறவர் இந்த அகலத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

டயரின் பூவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கட்டைகளாக இருக்கும் மட் டெரெய்ன் டயர் சேற்றில் அருமை. ஆனால் கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் தார்ச்சாலையில் அது வழுக்கும், நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். இங்கே வண்டி ஓடுவதில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான். சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும். எஸ்டேட் பாதைக்காகக் காற்றைக் குறைத்தால், மலையிறங்குவதற்கு முன் திரும்ப நிரப்பிக்கொள்ளுங்கள்.

டயரும் லிஃப்டும் போட்டு வாங்கியவர்கள் ஒரு சோதனையைத் தாங்களே செய்யலாம். டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் சாக்பீஸ் தடவுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் மேடான இடத்தில் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சாக்பீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே டயர் உரசுகிறது. அதே நிலையில், தொங்கும் சக்கரத்தின் பிரேக் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். அது கம்பிபோல் விறைத்திருந்தால் அந்த வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் இதைத்தான் கேட்கும். அதே மாடலின் வேறொரு வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவுக்குள் நின்றுகொள்வது நல்லது. தாருக்கு 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என இரண்டு அளவுகள் கம்பெனியிலிருந்தே வந்திருக்கின்றன, அதைவிட என்ன வேண்டும்? எவ்வளவு தூக்கினாலும் காப்புக்காட்டுக்குள்ளும் சோலைப் புல்வெளியிலும் வண்டியை இறக்க உரிமை கிடைத்துவிடாது, அது வனக்குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவதென்றால், ஐந்து டயராக வாங்குங்கள். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்து, பஞ்சர் ஆன இடத்தில் அதைப் போட்டு ஃபோர்வீல் போட்டால், விட்டம் வேறுபட்ட சக்கரங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு, முன்பின் ஆக்சில்களுக்கு வலுவைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கும். கனமான புது ஸ்டெப்னியைத் தாங்கும் கதவுக் கீலையும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவாருங்கள். அதற்கு நான் கூலி வாங்குவதில்லை.