வேலையை விட்டுவிட்டுத்தான் ஓவியம் வரைய வேண்டுமா?

விளம்பர வடிவமைப்பில் நீண்ட காலமாக இருப்பதால், துறைக்குள் இருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வேலையை விட்டுட்டு முழு நேரமா பெயிண்டிங் பண்ணலாம்னு இருக்கேன் சார், சரியா வருமா?" இன்றைக்கே வரையத் தொடங்குங்கள், வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதீர்கள் என்பேன்.

பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பான பிரீஃப் நமக்குச் சொல்லிவிடுகிறது. எப்போது முடிக்க வேண்டும் என்பதை டெட்லைன் சொல்கிறது. முடிந்ததா இல்லையா என்று கிளையன்ட் சொல்கிறார். வருடக்கணக்கில் இப்படிப் பழகிய கைக்கு வெற்று கான்வாஸ் பெரிய திகைப்பு. ஒரு டிசைனர் தன் ஓவியங்களைக் கொண்டுவந்து காட்டினார். திறமைக்குக் குறைவே இல்லை. ஆனால் படத்துக்குப் படம் முக்கிய உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. மேலே ஹெட்லைன் வரப்போவது போல வானம் காலியாகக் கிடந்தது. கீழே வலது மூலையில் அளந்து வைத்தாற்போல லோகோவுக்கான இடம். நான் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. இந்தப் பழக்கம் ராஜினாமா கடிதத்தோடு போய்விடாது. வரைந்து வரைந்துதான் போகும், அதற்கு வருடங்கள் ஆகும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கும் வருடங்கள் ஆயின. 1949-ல் வடிவமைப்புப் படிப்பை முடித்து நியூயார்க் வந்தவர், ஐம்பதுகள் முழுவதும் விளம்பர ஓவியராகத்தான் அறியப்பட்டார். ஐ. மில்லர் நிறுவனத்துக்கு அவர் வரைந்த காலணிப் படங்கள் பெயர் பெற்றவை. மை உறிஞ்சாத தாளில் கோடு வரைந்து, ஈரம் காய்வதற்குள் இன்னொரு தாளை அதன்மேல் ஒற்றி எடுப்பார். கோடு அங்கங்கே விட்டுவிட்டு, திட்டுத்திட்டாக விழும். 1961-ல் விளம்பரம், காமிக்ஸ் போன்ற அன்றாடப் படங்களையே கலையாக்கும் பாப் பாணியில் அவர் வரைந்த ஆரம்பகால ஓவியங்கள் சில மக்கள் கண்ணில் பட்டது கேலரியில் அல்ல. பான்விட் டெல்லர் துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில், ஆடை உடுத்திய பொம்மைகளுக்குப் பின்னால். கடை ஜன்னல் அலங்காரம் அவர் கூலிக்குச் செய்துவந்த வேலை. அதற்குள்ளேயே தன் படத்துக்கும் இடம் பிடித்தார். மறுவருடம் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில் 32 கேம்ப்பெல் சூப் டப்பா ஓவியங்கள். அதே விளம்பரக் கண்தான், ஆனால் எதை வரைவது என்ற முடிவு இப்போது அவருடையது.

நம் ஊரிலும் இதற்கு வழிகாட்டி உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-ல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, நிலம் வாங்க உதவியது, மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளை விற்ற காசு. கைவினைப் பொருள் வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியம் விற்றே ஆகவேண்டிய கட்டாயம் குறைந்தது. எனக்கு இன்றும் மிகவும் மரியாதைக்குரிய ஏற்பாடு அது.

நம் ஆட்கள் சறுக்குகிற இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வண்ணம். போஸ்டர் சில வாரம் தாங்கினால் போதும், ஓவியம் அப்படியல்ல. ஃப்ளோரசென்ட் வண்ணங்கள் சீக்கிரம் வெளுக்கும். அசல் அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பும் வெளிச்சத்தில் மங்கும், அந்த இடத்தில் குயினாக்ரிடோன் சிவப்பு எவ்வளவோ மேல். டியூபின் பின்பக்கம் ஒளி தாங்கும் தரம் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, சம்பள வேலையின் பகுதியாக வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நிறுவனம்தான். அதனால் சொந்த ஓவியத்தை அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் தொடாதீர்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே செய்வதையும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் வரிகள் சிலவற்றில் இருக்கும்.

அப்புறம், இன்ஸ்டாகிராம். படம் பாதியில் இருக்கும்போதே பதிவேற்றினால் லைக் எண்ணிக்கை புது கிளையன்ட் ஆகிவிடும். எந்த நிறத்துக்குக் கூட்டம் வந்ததோ அந்த நிறத்தையே கை தேடும். அடுத்த படத்தில் பாதி தாண்டிய பிறகு முந்தைய படத்தை வெளியிடுங்கள்.