துப்பு: கறுத்த குடமும் ஒரு சொல்லும்

டிடெக்டிவ் கதை என்பதற்குத் துப்பறியும் கதை என்கிறோம். கதையா துப்பறிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 'படிக்கும் அறை' என்றால் அறையா படிக்கிறது? தமிழ்ப் பெயரெச்சம் அதற்கெல்லாம் இடம் கொடுக்கும்.

துப்பு பழைய சொல். வலிமை, உணவு, பவளம் என்று அதற்குப் பல பொருள். மழையைப் பாடும் 12-ஆம் குறளில் வருவது உணவு. அதில் 'துப்பாக்கி'யைக் கண்டு சிரிக்காத பள்ளிப் பிள்ளை இல்லை. சுடுகிற துப்பாக்கி துருக்கி மொழிவழி வந்த வேறு சொல். வலிமைப் பொருள் இன்றும் 'துப்புக் கெட்டவனே' என்ற வசவில் உயிரோடு இருக்கிறது. குற்றத்தின் மறைவைக் காட்டிக்கொடுக்கும் செய்தி என்பதே கதை வாசகருக்கு வேண்டிய பொருள்.

டிடெக்டிவுக்கு 'ஒற்றன்' பொருந்தாது. துறவி வேடம் பூண்டு உளவறிபவனை 586-ஆம் குறள் காட்டுகிறது. மன்னார்குடிப் பக்கத்து நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் துப்பறிவாளருக்குத் திகம்பர சாமியார் என்றே பெயர் வைத்தார். ஆனால் ஒற்றன் அரசனுக்கு உளவு சொல்பவன். நடந்து முடிந்ததைத் தோண்டுபவர் துப்பறிவாளர். திருவிடைமருதூர்க்காரரான எழுத்தாளர் தேவனின் 'துப்பறியும் சாம்பு' விதிவிலக்கு. அவரைத் தேடித் துப்பே வரும்.

தடயத்தையும் துப்பையும் குழப்பக் கூடாது. உறையில் போட்டு முத்திரை வைக்க முடிவது தடயம். 1892-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் இரவில் பந்தயக் குதிரை காணாமல் போகிறது. லாயத்து நாய் குரைக்கவில்லை. உறையில் போட அங்கே என்ன இருக்கிறது? குரைக்காததே துப்பு: வந்தவர் நாய்க்குப் பழகிய ஆள். அந்த நாயை நாமும்தான் பார்த்தோம், பக்கத்தைப் புரட்டிவிட்டோம். இந்த வகைக் கதையின் ருசியே அந்த ஏமாற்றம்தான்.

'டிடெக்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு மூடியதைத் திறப்பது என்று பொருள். 'க்ளூ' முன்பு நூல்கண்டு. நம்முடைய 'துப்புத் துலக்குதல்' எனக்கு இவற்றைவிடப் பிடிக்கும். துலங்கினால் ஒளிவிடும், துலக்கினால் ஒளிவிடச் செய்கிறோம். பாத்திரத்துக்கும் அதே சொல்தான்.

கும்பகோணத்தில் ஒரு பொங்கலுக்கு முன்பு, பரணிலிருந்து இறக்கிய பித்தளைக் குடத்தைப் பாட்டி புளி போட்டுத் துலக்கினாள். கறுப்புக் கரைந்து வழிய, கழுத்தோரம் வெட்டியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதலில் ஒரு 'கு', பிறகு ஒரு 'ஞ்'. பாட்டியின் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் 'கு'வில் தொடங்கும் பெயரே கிடையாது. எதிர்வீட்டுப் பாட்டி குஞ்சம்மாள். முப்பது வருஷமாக எங்கள் சொத்தாக இருந்த குடம் அன்று மாலையே தெருவைக் கடந்து போயிற்று.